என் வார்டுக்கு ஓர் உறுப்பினர் வேண்டும்

புதுச்சேரியில் நகராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். அப்போது எனக்கு நான்கு வயது. அதற்கு முந்தைய தேர்தல் 1968-இல். அப்போது என் அப்பாவே பிறக்கவில்லை. 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அன்றிலிருந்து புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில்தான் இருக்கின்றன. சட்டமன்றத்துக்கு வாக்களித்திருக்கிறேன், மக்களவைக்கு வாக்களித்திருக்கிறேன். நான் குடியிருக்கும் வார்டுக்கு வாக்களித்ததில்லை. இந்த ஊரில் என் வயதுக்காரர்கள் ஒருவர்கூட வாக்களித்ததில்லை.

இது இப்போது என் மனதை அரிக்கக் காரணம், கட்சி தொடங்கிய நடிகர் விஜய். 2025 டிசம்பர் 9 அன்று எங்கள் ஊர் உப்பளத்தில் அவர் பேசினார். செப்டம்பர் 27 அன்று கரூரில் அவர் கூட்டத்து நெரிசலில் 41 உயிர்கள் போன பிறகு நடந்த கூட்டம் என்பதால் காவல்துறை கெடுபிடியாக இருந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை. க்யூஆர் கோடு அட்டை உள்ள 5,000 பேர்தான் மைதானத்துக்குள் போகலாம். என் தம்பிக்கு அட்டை கிடைத்துவிட்டது. தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பியவன், சாப்பிட உட்காராமல் பேசிக்கொண்டே இருந்தான். மாநில அந்தஸ்து, வேலைவாய்ப்பு, ரேஷன் கடை என்று விஜய் தொட்ட விஷயங்களை எல்லாம் எனக்கும் ஆயாவுக்கும் திரும்பச் சொன்னான்.

சினிமாவைப் பார்த்துவிட்டு அரசியலுக்கு வருகிறார்கள் என்று இவனைப் போன்ற பிள்ளைகளை இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எம்.ஜி.ஆரின் கட்சி தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்தது 1977-இல். புதுச்சேரியில் 1974 மார்ச்சிலேயே வந்துவிட்டது, ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை என்றாலும். திரையிலிருந்து மேடைக்கு வருகிறவர்களை எங்கள் ஊர் தமிழ்நாட்டுக்கு முன்னாலேயே எடைபோட்டுப் பார்த்திருக்கிறது. ரசிகனாகப் போன என் தம்பி, துணைநிலை ஆளுநருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டுக்கொண்டு வந்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அவன் கேள்வி நியாயமானது. இங்கே மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. மத்திய அரசு தன் விருப்பப்படி இன்னும் மூன்று பேரை நியமிக்கலாம். 2017-இல் அப்படி மூன்று பேர் வந்தார்கள். எங்கள் அரசோடு கலந்து பேச வேண்டியதே இல்லை, அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 பிப்ரவரியில், துணைநிலை ஆளுநர் தன் அரசைத் தடுக்கிறார் என்று சொல்லி, முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசலில் தெருவில் படுத்துக் கிடந்தார். அன்று நான் பள்ளி மாணவி. ஒரு முதலமைச்சர் ஏன் தெருவில் படுக்க வேண்டும் என்று வகுப்பில் எல்லோரும் கேட்டோம். 2021 பிப்ரவரி 22 அன்று அவர் ஆட்சி கவிழ்ந்தது. மாநில அந்தஸ்து கேட்டு எங்கள் சட்டமன்றம் எத்தனையோ முறை தீர்மானம் போட்டுவிட்டது. காங்கிரஸ் ஆட்சியிலும் போட்டது, என்.ஆர். காங்கிரஸ் ஆட்சியிலும் போட்டது. நானும் அந்தக் கோரிக்கையின் பக்கம்தான்.

ஆனால் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: “மக்கள் தேர்ந்தெடுத்தவங்களை மேலேருந்து வந்த ஒரு அதிகாரி தடுக்கக் கூடாதுன்னு டெல்லியைப் பார்த்துக் கேக்குறோம். நம்ம வார்டுல மக்கள் தேர்ந்தெடுக்கவே விடாம அதிகாரியை உட்கார வெச்சது யாருடா?”

“அக்கா, கவுன்சிலர்லாம் ஒரு பதவியா? முதல்ல மாநிலம் ஆகட்டும்” என்றான்.

அவன் மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் கீழூரைக் காட்டுவேன். 1954 அக்டோபர் 18 அன்று அந்தச் சின்ன கிராமத்தில்தான், பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைவதா என்ற வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அந்த 178 பேரில் பிரதிநிதி சபை உறுப்பினர்களோடு நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். வார்டு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்கள் இந்த மண் எந்த நாட்டோடு சேர வேண்டும் என்பதையே தீர்மானித்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி அவர்களை வணங்குகிறோம். அவர்கள் வகித்த பதவியை மட்டும் காலியாகவே வைத்திருக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நகராட்சி மன்றங்களை ஏற்படுத்தியது 1880-இல். அந்தக் காலத் தேர்தல்கள் அடிதடிக்குப் பேர் போனவை, வாக்காளர் பட்டியலிலும் சமத்துவம் இல்லை. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஊருக்கு மேயர் என்று ஒருவர் இருந்தார்.

ஒரு கவுன்சிலரால் என்ன ஆகிவிடும்? 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற பெண். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. கவுன்சிலர் இருந்திருந்தால் புயல் வந்திருக்காது என்று யாரும் சொல்லப் போவதில்லை. எந்தத் தெருவில் வாய்க்கால் அடைத்திருக்கிறது, எந்த வீட்டில் சாக்கடை நாற்றம் ஒரு வாரமாக உள்ளே வருகிறது என்று தெரிந்து, அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லி, பதில் எழுதி வாங்கும் கடமை இன்று இந்த ஊரில் யாருக்கும் இல்லை. அதுதான் என் குறை.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு வாய்க்காலின் சிலாப் ஒன்று உடைந்தது. ஆயா இருட்டில் அதில் கால் வைத்து விழுந்து, கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டாள். நான் மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாய்க்கால் எங்களுடையது இல்லை என்று இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, தெருவின் அகலத்தை அளந்த பிறகுதான் யாருடையது என்று சொல்ல முடியும் என்றார்கள். பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் நான் அவர்களுக்கு வேலை கொடுத்தவள் இல்லை. ஐந்து வருடம் கழித்து அவர்கள் என்னிடம் வந்து நிற்கப் போவதும் இல்லை. 2006-க்குப் பிறகு இருந்த கவுன்சிலரைப் பற்றி அப்பா சொல்வார்: வீடு பக்கத்துத் தெரு. தண்ணீர் வராத நாளில் பெண்கள் காலி குடத்தோடு அவர் வாசலில் போய் நிற்பார்களாம். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே கிளம்பி வருவாராம்.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் இட ஒதுக்கீடு என்று பதில் வரும். 2021-இல் தேதிகூட அறிவித்தார்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் சிக்கல் வந்து, நீதிமன்றம் வரை போய், நின்றது. பிறகு புள்ளிவிவரம் திரட்ட ஒருநபர் ஆணையம் வைத்தார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் தர வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மகாராஷ்டிரத்திலும் இதே சிக்கலில் வருடக்கணக்காகத் தேர்தல் நின்றிருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. டிசம்பர் 2 அன்று அங்கே நகராட்சிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது. சுமார் 10 லட்சம் வாக்காளர்கள் உள்ள எங்களுக்கு அதைவிடவா பெரிய கணக்கு?

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். இங்கே ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு முப்பது, முப்பத்தைந்தாயிரம் வாக்காளர்கள்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேல். ஆகவே இங்கே எம்.எல்.ஏ.தான் கவுன்சிலரும். தெருவிளக்கு, குழாய், பென்ஷன் கையெழுத்து, துக்க வீட்டுக்கு மாலை எல்லாமே அவர் வழியாகத்தான். அந்த நன்றிதான் அவர் வாக்கு. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்துவிட்டால் அந்த நன்றி பங்குபோகும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டாததற்கு எனக்குத் தெரியும் விளக்கம் இதுதான். காங்கிரஸ் இருந்தது, என்.ஆர். காங்கிரஸும் பா.ஜ.க.வும் இருக்கின்றன, தேர்தல் மட்டும் இல்லை.

இதில் அதிகம் இழப்பது பெண்கள். 2021-இல் எங்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் பெண் ஒரே ஒருவர், நெடுங்காட்டிலிருந்து சந்திர பிரியங்கா. உள்ளாட்சி மன்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அரசியலில் முதல் படியே அதுதான். அந்தப் படியை எடுத்துவிட்டு, பெண்கள் ஏன் மேலே வரவில்லை என்று மகளிர் தினத்தில் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். ஆர்யா ராஜேந்திரன் 2020-இல் திருவனந்தபுரம் மேயரானபோது வயது 21. இங்கே அப்படி ஒரு பெண் இருந்தால் அவள் எந்தத் தேர்தலில் நிற்பாள்?

விஜய் உப்பளத்தில் பேசிய அதே டிசம்பர் 9 அன்று கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலின் முதல் கட்டம். இரண்டாம் கட்டம் 11-ஆம் தேதி, கண்ணூரிலும் கோழிக்கோட்டிலும். எங்கள் மாகே இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் நியூ மாகே கிராமப் பஞ்சாயத்து. அங்கே விரலில் மை வைத்துக்கொண்டார்கள். இந்தக் கரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் 2022 பிப்ரவரியில் வார்டு உறுப்பினருக்கு வாக்களித்தாள், அந்த ஊருக்கு ஒரு பெண் மேயர் வந்தார். எங்கள் ஊரிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் 2022 ஏப்ரலில் பாரிஸில் யார் ஆள வேண்டும் என்று வாக்களித்தார்கள். என் பள்ளித் தோழியின் தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அவருக்கும் சேர்த்துத்தான் குப்பை வண்டி வருகிறது.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைப் பார்க்காத சுற்றுலாப் பயணி இல்லை. பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம். 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய வடிவத்திலேயே அழகாகக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார், அதாவது ஆட்சி கவிழ்ந்த மூன்றாம் நாள். அன்று ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சரும் இல்லை, மேயரும் இல்லை. வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் ரீல்ஸ் எடுக்கிறார்கள், நானும் எடுத்திருக்கிறேன். அந்த மன்றத்துக்குள் உட்கார வேண்டியவர்களை எப்போது அனுப்பப் போகிறோம்?

அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரட்டும். எங்கள் தெருவுக்கு எல்லாக் கட்சியும் வரும். ஆரத்தித் தட்டோடு நிற்கும் பெண்களிடம் நான் இப்போதே பேசிவிட்டேன். பதவியேற்ற ஒரு வருடத்துக்குள் நகராட்சித் தேர்தலை நடத்துவீர்களா, ஒதுக்கீட்டுப் பட்டியலை எந்த மாதம் வெளியிடுவீர்கள் என்று கேட்போம். பதிலைத் துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்வோம். தம்பி முதலில் முணுமுணுத்தான். பிறகு, அவன் கட்சி வேட்பாளர் வரும்போது அந்தக் கேள்வியைத் தானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.