வல்லாரையும் நினைவாற்றலும்

பரீட்சை நெருங்குங்கால் ஜின்கோ, வல்லாரை முதலியவற்றாலாகிய நினைவாற்றற் குளிகை தேடிக் கண்டி நகருக்கு வரும் பெற்றோருள், கொழுந்து கொய்த கூலியோடு வரும் தாயரும் உளர். மூளைக்கு இரத்தவோட்டம் பெருகும் என்பது விற்போர் கூற்று. சீன நாட்டு ஜின்கோ மரத்தின் இலைச்சாற்றை 3,069 முதியோரிடையே சோதித்த அமெரிக்க ஆய்வு, அது மறதிநோயைத் தடுக்கவில்லையென 2008இல் அறிவித்தது. வல்லாரை பற்றிய சோதனைகளை 2017இல் தொகுத்து ஆராய்ந்தோரும் அறிவாற்றல் உயர்ந்தமைக்குப் போதிய சான்று கண்டிலர்.

வல்லாரை நற்கீரை, சந்தையில் வாங்கிச் சம்பலாக உண்க. அதனைக் குளிகையாக்கி, நினைவாற்றலென விலைகூறுதலையே மறுக்கின்றோம். மாணவர்காள்! இரத்தவோட்டத்துக்கு வாவிக்கரையிற் காலை நடை உண்டு. நினைவுக்கு நிறைந்த துயிலும் நாள்தோறும் கற்றலும் உண்டு. இவற்றுக்கு விலையில்லை. அன்னையின் கூலி நூல்களுக்கு ஆகுக.