பிள்ளை வளர்க்கும் கைகளும் ஒரு கொப்பியும்

பிள்ளை பிறந்த வீட்டில் கைகளுக்குக் குறைவில்லை. அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, விடுமுறையில் நிற்கும் தகப்பன், இடையிடையே வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர் என ஐந்தாறு பேர். ஆளுக்கொரு அபிப்பிராயமும் தாராளமாக உண்டு. இல்லாதது, யார் எப்போது என்ன செய்தார் என்ற கணக்கு மட்டுமே.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். களைத்து உறங்கும் தாயை எழுப்ப வேண்டாமென்று ஒருவர் விட்டுவிடுவார். கொடுத்தாயிற்றாக்கும் என்று மற்றவர் இருந்துவிடுவார். ஐந்து மணித்தியாலம் ஓடிவிடும். பிள்ளை அழவில்லையே என்று மகிழ்வதில் பயனில்லை. மஞ்சட்காமாலை கூடிய பிள்ளையும் அழாமல்தான் உறங்கும்.

மருந்து இதனிலும் பொல்லாதது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் கொண்டு ஓடவேண்டும். வீட்டிலோ ஒருவர் கொடுத்த பனடோலை அறியாமல் இன்னொருவரும் கொடுக்கிறார். அளவு மிஞ்சினால் பாதிக்கப்படுவது ஈரல்.

எங்கள் பத்திரிகைத் தொழிலில், இரவுக் கடமையில் இருந்தவர் குறிப்பு எழுதி வைக்காமல் போனால் ஒரே செய்தி இரண்டு பக்கங்களில் வந்துவிடும். வாசகர் சிரித்துவிட்டுப் போவார். அதனால்தான் எழுதி வைப்போம். வைத்தியசாலைத் தாதியரும் கடமை மாறும்போது எழுதியே ஒப்படைக்கிறார்கள். அங்கெல்லாம் யாரும் அதை அவமானமாக எண்ணுவதில்லை. வீட்டில் ஒரு கொப்பி வைத்தால் மட்டும், "என்னை நம்பவில்லையா?" என்ற கேள்வி எழுகிறது. ஐந்து பிள்ளை வளர்த்தவருக்குக் கொப்பி எதற்கு என்பது அப்பம்மாவின் நியாயம். அவர் வளர்த்த காலத்தில் இத்தனை கைகள் ஒரே தொட்டிலைச் சுற்றி நின்றனவா என்று கேட்க எனக்கு ஆசை.

சீனித்தண்ணீர்ச் சண்டைக்கும் இங்கேதான் முடிவு உண்டு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வீடு தேடி வந்து தாய் சேய் நலம் பேணும் சேவை நம்முடையது. உத்தியோகத்தர் சொன்னதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவிட்டால், மாமியாரோடு தர்க்கிக்கும் தொல்லை மருமகளுக்கு இல்லை.

ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் விசிட்டர் விசாவில் போய்ப் பேரப்பிள்ளை பார்க்கும் அம்மம்மாவுக்கு இது இன்னும் அவசியம். அவர் திரும்பும் நாளில் பொறுப்பேற்பவர் பெரும்பாலும் அப்பம்மா.

எழுதும் வேலையையும் பெற்றவள் தலையில் கட்டிவிடாதீர்கள். பால் கொடுத்த நேரம், நனைந்த நாப்பி, கொடுத்த மருந்து, கொடுத்தவர் பெயர். நான்கு நிரல்களையும் தகப்பன் கோடிடட்டும்.