சுல்தான் தியேட்டர் முதல் காஸ்வே பாயிண்ட் வரை: வடக்கில் திரை இறங்கிய கதை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றித் தமிழ்க் குரல்கள் அதிகம் கேட்கும். தங்குவிடுதிகளிலிருந்து வரும் ஊழியர்களில் சிலர் ரயில் ஏறித் தேக்காவுக்குப் போவார்கள். சிலர் 170ஆம் எண் பேருந்தைப் பிடிப்பார்கள். எங்கும் போகாதவர்கள் கிடைத்த இடத்தில் அமர்ந்து கைப்பேசியில் படம் பார்ப்பார்கள். ஒருவர் காதுக்கருவியோடு தனியாகப் பார்ப்பார், இன்னோர் இடத்தில் ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பேர் பார்ப்பார்கள்.

சிங்கப்பூரின் வடபகுதியில் தமிழர்கள் எப்போதும் இப்படிப் படம் பார்த்ததில்லை. கிராஞ்சியிலிருந்து சற்றுக் கிழக்கே, செம்பவாங் பக்கத்தில், அவர்களுக்கென்று நடந்துபோகும் தூரத்தில் ஒரு கொட்டகை இருந்த காலம் உண்டு. அது சோங் பாங் கிராமத்தின் சுல்தான் தியேட்டர்.

தமிழ்ப் படம் பார்க்கும் இடங்கள் இந்நாட்டில் எப்படி வந்தன, ஏன் போயின என்ற கேள்வியை 2025ஆம் ஆண்டு மீண்டும் எழுப்பியிருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி கத்தே சினிபிளெக்ஸ் நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றது. உட்லண்ட்ஸ் காஸ்வே பாயிண்ட் கிளை உட்பட எஞ்சியிருந்த அரங்குகள் மூடப்பட்டன. அதற்குச் சில நாள்கள் முன்பு, ஆகஸ்ட் 19ஆம் தேதி, கோல்டன் மைல் டவரில் இயங்கிய ‘த புரொஜெக்டர்’ கதவடைத்தது. 1973இல் திறக்கப்பட்ட பழைய கோல்டன் தியேட்டரின் இடத்தில்தான் அது நடந்துவந்தது.

கிராஞ்சி, மார்சிலிங், உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர்களுக்கு காஸ்வே பாயிண்ட் பக்கத்து அரங்கு. தமிழ்ப் படங்களும் அங்கு ஓடின. எனவே இது வெறும் நிறுவனச் செய்தி அன்று.

கடற்படைத் தளமும் கொட்டகையும்

வடக்குத் தமிழர்களின் திரையரங்குக் கதை பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலிருந்து தொடங்குகிறது. 1938இல் தளத்தின் கப்பல் பட்டறை திறக்கப்பட்டது. தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் அங்கு வேலைக்குச் சேர்ந்தனர். வேலை இருந்த இடத்தைச் சுற்றிக் குடியிருப்பு வந்தது. குடியிருப்பைச் சுற்றிக் கடைகள், கோயில்கள், சங்கங்கள், பள்ளிகள் வந்தன. படக் கொட்டகையும் வந்தது.

சுல்தான் தியேட்டரை நடத்தியவர் லிம் சோங் பாங். நீ சூன் பகுதியின் பெயருக்குக் காரணமான தொழிலதிபர் லிம் நீ சூனின் மகன் இவர். கேலாங் சிராய் வட்டாரத்தில் கேரிக் தியேட்டரையும் இவர் நடத்தினார். 1956இல் இவர் காலமான பிறகு, அதுவரை வெஸ்ட்ஹில் என அழைக்கப்பட்ட கிராமத்துக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது.

கொட்டகையை நடத்தியவர் சீனர், அதில் ஓடிய படங்கள் பல மொழிப் படங்கள், பார்க்க வந்தவர்கள் பல இனத்தவர். அன்றைய சிங்கப்பூரில் பெரும்பாலான அரங்குகளின் நிலை இதுதான். தமிழருக்குச் சொந்தமான அரங்கு என்பதைவிட, தமிழர் கூட்டம் வரும் என்று நம்பித் தமிழ்ப் படம் போட்ட அரங்குகளே அதிகம். நகரில் நார்த் பிரிட்ஜ் ரோட்டின் ராயல், டைமண்ட், கிழக்கே தாஜ் ஆகியவை இந்தியப் படங்களோடு சேர்த்து இன்றும் மூத்தோர் சொல்லும் பெயர்கள்.

கூட்டம் கலைந்தால் அரங்கு நிற்காது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

1968இல் கடற்படைப் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. 1971இல் பிரிட்டிஷ் படைகளின் பெரும்பகுதி வெளியேறியது. வேலை போனவர்களில் பலர் இந்தியா திரும்பினர். இங்கேயே தங்கியவர்களும் காலப்போக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு மாறினர். 1989இல் சோங் பாங் கிராமமே இடிக்கப்பட்டது. அந்தப் பெயர் இப்போது ஈசூனில், கடைகளும் உணவங்காடியும் உள்ள ஒரு பகுதிக்கு வழங்குகிறது. சுல்தான் என்ற பெயர் எங்கும் தொடரவில்லை.

கோயில் இடம் மாறியது, தியேட்டர் மாறவில்லை

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். கடற்படைத் தள ஊழியர்கள் வழிபட்ட புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் பழைய இடத்தைவிட்டு நகர வேண்டியிருந்தது. 1990களில் அது ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. பழைய குடியிருப்பு போனாலும் பக்தர்கள் பேருந்து ஏறி வந்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

கோயிலுக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது. மாற்று இடம் கேட்கவும் நிதி திரட்டவும் ஆள்கள் இருந்தார்கள். தியேட்டருக்கு அப்படி யாரும் இல்லை. அது ஒருவருடைய வியாபாரம். வருமானம் குறைந்ததும் மூடுவதே வியாபாரத்தின் இயல்பு. அங்கு வாரந்தோறும் போனவர்கள் அதைத் தங்கள் பொது இடமாக நினைத்திருக்கலாம். ஆனால் அதைக் காக்கும் பொறுப்பு சட்டப்படியும் வழக்கப்படியும் அவர்களிடம் இருக்கவில்லை.

கட்டடங்கள் என்னவாயின

மூடிய அரங்குகளின் பிற்காலத்தைப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, இடித்துப் புதிதாகக் கட்டுவது. பீச் ரோட்டில் அல்ஹாம்ப்ரா, மார்ல்பரோ அரங்குகள் இருந்த இடத்தில் ஷா டவர்ஸ் எழுந்தது. பின்னர் அதுவும் இடிக்கப்பட்டது. நார்த் பிரிட்ஜ் ரோட்டின் ஓடியன் அரங்கு, ஓடியன் டவர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத்துக்குப் பெயர் மட்டும் தந்தது. கத்தோங்கில் ராக்சி அரங்கின் பெயர் ராக்சி ஸ்குவேர் கடைத்தொகுதியில் தங்கியது.

இரண்டாவது, வழிபாட்டு இடமாவது. தஞ்சோங் பகாரில் 1958இல் திறக்கப்பட்ட மெட்ரோபோல் இன்று ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் தேவாலயம். குவீன்ஸ்டவுனின் வீனஸ் தியேட்டர், சர்ச் ஆஃப் அவர் சேவியர் ஆனது. லிம் சோங் பாங்கின் கேரிக் தியேட்டர் பிறகு கேலக்ஸி எனப் பெயர் மாறி, முஸ்லிம் அமைப்பான டாருல் அர்க்காமின் இடமானது. அதன் கட்டடம் இன்றும் ‘த கேலக்ஸி’ என்றே அழைக்கப்படுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒரே திசை பார்த்து அமரக் கட்டிய கூடம் வேறு எதற்கும் எளிதில் பொருந்தாது. கூட்டு வழிபாட்டுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, பாதுகாப்பது. 1939இல் திறக்கப்பட்ட கத்தே கட்டடத்தின் முகப்பு 2003இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 1930இல் தொடங்கிய கேப்பிட்டல், 1998 இறுதியில் படம் காட்டுவதை நிறுத்தி, புதுப்பிக்கப்பட்டு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவை இரண்டும் நகர மையத்தில், கட்டடக்கலைக்குப் பெயர்பெற்றவை. கிராமத்துக் கொட்டகைக்கு அந்தத் தகுதியை யாரும் கோரவில்லை.

பாதுகாப்பும் கட்டடத்தையே காத்தது, படம் பார்க்கும் வழக்கத்தை அன்று. கத்தேயின் முகப்பு பத்திரமாக நிற்கிறது. 1935இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் திரையரங்குத் தொழில் தொண்ணூறு ஆண்டுகளில் முடிந்துவிட்டது.

வீடியோவும் வாடகையும்

பழைய அரங்குகளை வீழ்த்தியது வீடியோ கேசட் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை உண்டு. 1980களில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்தபோது, தமிழ்ப் படக் கேசட்டைத் தேக்காவில் வாடகைக்கு எடுத்து வீட்டில் குடும்பத்தோடும் அண்டைவீட்டாரோடும் பார்ப்பது மலிவானது. மெக்கன்சி சாலையில் 1946இல் தொடங்கிய ரெக்ஸ் 1983இல் மூடப்பட்டது.

ஆனால் ரெக்ஸின் கதை அத்துடன் முடியவில்லை. 2009இல் அது மீண்டும் திறந்து தமிழ்ப் படங்களைத் திரையிட்டது. அப்போது வீடியோ இருந்தது, டிவிடி இருந்தது, இணையமும் இருந்தது. 2008இல் வசந்தம் முழுநேர ஒளிவழியாகவும் ஆகியிருந்தது. இத்தனைக்கும் நடுவே ரெக்ஸுக்குக் கூட்டம் வந்ததற்கு அதன் இடம் ஒரு முக்கியக் காரணம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில், சாப்பிடவும் சாமான் வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் மக்கள் எப்படியும் வரும் வட்டாரத்தில் அது இருந்தது.

வடக்கிலும் இதே பாடம்தான். சிங்கப்பூரின் முதல் பல்திரை அரங்கான ஈசூன் 10, 1992 மே மாதம் திறக்கப்பட்டது. அது நகர மையத்தில் அமையாமல் புதிய குடியிருப்புப் பேட்டையில் அமைந்தது. மக்கள் குடியேறிய இடத்துக்குத் திரை போனது. ஆயிரம் இருக்கைக் கூடத்தைவிடச் சிறு அரங்குகள் பல இருந்தால், ஒன்றில் ஆங்கிலப் படமும் மற்றொன்றில் தமிழ்ப் படமும் போடலாம். தமிழ்ப் படத்துக்கு இது ஒரு வகையில் நன்மை.

சிக்கல், இந்த அரங்குகள் கடைத்தொகுதிகளுக்குள் வாடகைக்கு இருப்பவை. கத்தே சினிபிளெக்ஸை 2017இல் எம்எம்2 ஏசியா 23 கோடி வெள்ளிக்கு வாங்கியது. பெருந்தொற்றில் அரங்குகள் மூடிக் கிடந்தன. பிறகு மக்கள் முழுமையாகத் திரும்பவில்லை. வாடகை மட்டும் நிற்கவில்லை. காஸ்வே பாயிண்ட் கிளை உட்பட, வாடகை நிலுவைக்காகக் கோரிக்கைக் கடிதங்கள் வந்ததைத் தாய் நிறுவனமே 2025 தொடக்கத்தில் தெரிவித்திருந்தது. சுல்தான் தியேட்டருக்கு ஆள் குறைந்தது. காஸ்வே பாயிண்டைச் சுற்றி ஆளுக்குக் குறைவில்லை, இடத்தின் விலைதான் தாங்கவில்லை.

கிராஞ்சிக்கு என்ன தேவை

அன்றைய செம்பவாங்கும் இன்றைய கிராஞ்சியும் ஒரு விதத்தில் ஒன்றே. இரண்டிலும் வேலைக்காக வந்து, வேலை செய்யும் இடத்துக்கு அருகில் தங்கும் தமிழர்கள். வேறுபாடு, அன்று குடும்பங்களும் இருந்தன. கொட்டகைக்கு முதலாளிகள் போட்டியிட்டனர். இன்று தங்குவிடுதி ஊழியரை நம்பித் தனியார் யாரும் அரங்கு கட்டப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்கு. டிக்கெட் விலை அவர்களுக்குச் சிறிய தொகை அன்று.

வழிகள் இல்லாமல் இல்லை. 2014இல் திறக்கப்பட்ட துவாஸ் வியூ தங்குவிடுதியில் ஊழியர்களுக்கெனத் திரையரங்கு அமைக்கப்பட்டது. கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு மையம் இருக்கிறது. ஈசூன், உட்லண்ட்ஸ், செம்பவாங் சமூக மன்றங்களில் கூடங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு, முறையான உரிமத்தோடு ஒரு தமிழ்ப் படம் என்பது பெரும் செலவு பிடிக்கும் திட்டமன்று. பேட்டையில் வசிக்கும் குடும்பங்களும் தங்குவிடுதி ஊழியர்களும் ஒரே கூடத்தில் அமர இதைவிட எளிய காரணம் கிடைப்பதும் அரிது.

இதைக் கேட்க வேண்டியவர்கள் யார் என்பதே கேள்வி. கோயிலுக்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள், அதனால் கோயில் இருக்கிறது. வடக்கில் உள்ள இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும் தமிழ் அமைப்புகளும் ஆண்டுதோறும் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. திரையிடலும் அந்தப் பட்டியலில் சேரலாம்.

இன்னொரு வேலைக்குக் காலக்கெடு உண்டு. சுல்தானில் இளைஞர்களாகப் படம் பார்த்தவர்கள் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். டிக்கெட் என்ன விலை, எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், இடைவேளையில் என்ன விற்றார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவும், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையமும் இத்தகைய நினைவுகளுக்கு உரிய இடங்கள். வீட்டில் அந்த வயதில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பேரப்பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கலாம்.