‘தனியா’ சமைக்க வேண்டாம்

தமிழ்ச் சமையலறையில் ‘தனியா’வுக்கு இரண்டு பொருள். ஒன்று, வாணலியில் வறுபட்டு மணக்கும் கொத்தமல்லி விதை. இன்னொன்று, வீட்டில் ஒருவர் பேலியோவுக்கு மாறிய மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து வரும் கேள்வி: “உங்களுக்குத் தனியா என்ன செய்யட்டும்?”

பேலியோ பற்றிய வாதங்கள் பெரும்பாலும் கொழுப்பு, இதயம், சிறுநீரகம் என்று உடம்புக்குள்ளேயே சுற்றி வருகின்றன. அந்த உணவு முறை ஒரு வீட்டில் மூன்று மாதம் தாங்குமா, மூன்று வாரத்தில் கவிழுமா என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். யாருக்காக எத்தனை பாத்திரம் கூடுதலாக அடுப்பில் ஏறுகிறது, அதைக் கிளறுவது யார், கழுவுவது யார் என்ற கணக்கை எந்த டயட் சார்ட்டும் போடுவதில்லை.

பேலியோ அமெரிக்கச் சரக்கு. வால்டர் வோக்ட்லின் 1975-இல் கற்கால உணவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1985-இல் பாய்டு ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை அந்தப் பேச்சுக்கு மருத்துவ மரியாதை தேடித் தந்தது. பிறகு லோரன் கோர்டெய்னின் ‘தி பேலியோ டயட்’ அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. தமிழில் அதைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுபவர். முகநூலில் எழுதத் தொடங்கி, ‘பேலியோ டயட்’ என்ற நூலாகவும் கொண்டுவந்தார். வழியில் சரக்கும் மாறியது. கோர்டெய்ன் பாலையும் பால் பொருளையும் விலக்கச் சொன்னார். தமிழ்ப் பேலியோவில் நெய், வெண்ணெய், பனீர், தயிர் எல்லாம் உண்டு. அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, நிலக்கடலை கிடையாது. ஒரு நாளுக்கு மாவுச்சத்து சுமார் 40 கிராம் என்பது பலர் வைத்துக்கொள்ளும் எல்லை. சரியாகச் சொன்னால் இது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் முறை. கற்காலம் அதன் விளம்பரப் பலகை.

அந்தப் பலகைக்கும் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அது. அதே 1863-இல், லண்டனில் சவப்பெட்டித் தொழில் செய்துவந்த வில்லியம் பாண்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் குறைத்து உடம்பு இளைத்த கதையைச் சிறு நூலாக அச்சிட்டார். இன்றைய பேலியோ தட்டு பல்லாவரத்து மனிதனைவிட இந்தச் சவப்பெட்டிக்காரருக்கே நெருங்கிய சொந்தம். ஈராக்கின் ஷானிடார் குகையில் கிடைத்த கருகிய உணவுத் துணுக்குகளை ஆராய்ந்தவர்கள், காட்டுப் பருப்பு வகைகளை ஊறவைத்து இடித்துச் சமைத்ததற்கான தடயங்களைக் கண்டு 2022-இல் வெளியிட்டார்கள். ஆதி மனிதன் பருப்பையே தொட்டதில்லை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. பேலியோக்காரர்களின் செல்லப்பிள்ளையான காலிஃபிளவரோ முட்டைக்கோசுக் குடும்பத்திலிருந்து விவசாயி பிரித்து வளர்த்த பூ. கற்காலத்தில் அது கிடையவே கிடையாது.

ஆகவே ஆதி மனிதனை அவன் குகையிலேயே விட்டுவிடலாம். தமிழ் வீட்டில் சமைக்கப்படும் பேலியோ இன்றைய தேவைக்காக இன்றைய அடுப்படியில் உருவான சமையல். அந்தத் தராசில் நிறுத்தால் போதும்.

தேவை என்ன என்பதில் சந்தேகமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்த இந்தியாப் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி, அன்றாட ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. காலையில் இட்லி, மதியம் சாதம், இரவில் தோசை என்று ஓடும் தட்டு அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. 100 கிராம் சாதத்தில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. குவித்துப் போட்ட ஒரு தட்டுச் சாதம் 300 கிராம் என்றால் 84 கிராம். அதே எடைக் காலிஃபிளவரில் 15 கிராம் அளவுதான்.

அதற்காகப் பேலியோ ஒன்றே வழி என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் குறைத்து ஓராண்டு கவனித்தது. 2018-இல் முடிவு வந்தது: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு பிரிவிலும் வெகுவாக இளைத்தவர்கள் இருந்தார்கள். எடை கூடியவர்களும் இருந்தார்கள். அப்படியானால் எது உயர்ந்த முறை என்று சண்டை போடுவதைவிட, எதை ஒரு வீடு சலிக்காமல் சமைத்துச் சாப்பிட முடியும் என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

இங்கேதான் ‘தனியா’ குறுக்கே வருகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம்; ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அந்த 289 நிமிடத்தின் மேல்தான் பேலியோ வந்து உட்காருகிறது. பிள்ளைகளுக்கு இட்லி, மாமியாருக்குக் குழைந்த சாதம், அலுவலகம் போகிறவருக்கு நெய்யில் வாட்டிய ஆம்லெட், இடையில் அவருக்கான பட்டர் டீ, முந்தின இரவு ஊறவைத்த பாதாமை எடுத்துத் துடைத்து உலர்த்தி வறுக்கும் வேலை. இளைப்பது ஒருவர், களைப்பது இன்னொருவர். இரண்டாம் மாதம் ‘பேலியோ எனக்கு ஒத்துவரல’ என்று அவர் விட்டுவிடும்போது, ஒத்துவராமல் போனது உடம்புக்கா, அடுப்படிக்கா என்று யாரும் கேட்பதில்லை.

மாற்று வழி வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்ச் சாப்பாட்டின் அமைப்பு பேலியோவுக்கு வசதியானது. சாதம் அடித்தளம், குழம்பு, கறி, பொரியல், கீரை, ரசம், தயிர் எல்லாம் அதன்மேல் தனித்தனியாக வந்து விழுபவை. பீட்சாவிலிருந்து மாவைப் பிரிக்க முடியாது. வாழை இலையிலிருந்து சாதத்தை எடுத்துவிட்டாலும் மீதி இலை நிறைந்தே இருக்கும். பேலியோக்காரருக்குப் புது மெனு தேவையில்லை. வீட்டுக் குழம்பை அவருக்கும் பொருந்தும்படி வைத்தால் போதும். பிரிவு தட்டில் நடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பையே எடுத்துக்கொள்ளலாம். தனியா, மிளகு, சோம்பு, சீரகம், காய்ந்த மிளகாயை வறுத்துத் தேங்காயோடு அரைப்பது வழக்கம்தான். கெட்டிப்படுவதற்காகச் சில வீடுகளில் அரைத்துவிடும் பொட்டுக்கடலையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கசகசா சேர்க்கலாம். உருளைக்கிழங்கு போடும் வீடு அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுதோடு கறி சுருள வதங்கி எண்ணெய் பிரியும் கட்டம் ஒன்று வரும். அந்த நேரத்தில் நாலு கரண்டிக் கறியை இரும்புச் சட்டிக்கு மாற்றி மிளகுத்தூள் தூவிப் புரட்டினால் பேலியோக்காரருக்குச் சுக்கா தயார். பாத்திரத்தில் மீதி இருப்பதில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் மற்றவர்களுக்குக் குழம்பு. ஒரே வறுவல், ஒரே அரைப்பு. கூடுதலாகக் கழுவ வேண்டியது ஒரு சட்டி.

காலிஃபிளவர் சாதம் கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும். புழுவுக்குப் பயந்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூவை முக்கி எடுப்பதில் தவறில்லை. எடுத்த கையோடு துருவுவதுதான் தவறு. ஈரம் குடித்த பூ வாணலியில் களியாகிவிடும். துணியில் பரப்பிக் காற்றாட விட்டு, தேங்காய்த் துருவலைப் போலத் துருவி, அகலமான வாணலியில் நெய், கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் போட வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது, மூடி போடக் கூடாது. நாலைந்து நிமிடத்தில் பச்சை வாடை போய் உதிரி உதிரியாக வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தப்பினாலும் வீடு முழுக்கக் கோசு வாடை. தண்டை எறிய வேண்டாம், மறுநாள் பொரியலுக்கு ஆகும். இந்தத் துருவல் வேலைக்குச் சமையல் ஞானம் எதுவும் தேவையில்லை. யாருக்காகச் சாதம் மாறுகிறதோ அவர் கையிலேயே துருவியைக் கொடுத்துவிடலாம்.

சைவ வீட்டில் பாடு கொஞ்சம் அதிகம். பருப்பு போய்விட்டால் சாம்பாரும் கூட்டும் போய்விடும். ஆனால் மிளகு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் கட்டாயமில்லை. கீரையைப் பருப்பில்லாமல் பூண்டும் சீரகமும் போட்டு மசிக்கலாம். மோர்க்குழம்புக்குக் கடலைப்பருப்பு இல்லாமல் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் மட்டும் அரைத்துவிட்டால் சுரைக்காயும் பூசணியும் அதில் நன்றாகவே வேகும். பாகற்காய், புடலங்காய், வெண்டைக்காய், காளான், பனீர் என்று வாரத்தை ஓட்டிவிடலாம். இதில் எதையும் வீட்டில் மற்றவர்கள் சாதத்தில் பிசைந்து சாப்பிடத் தடையில்லை.

நேரமில்லாத வீட்டுக்குக் கைகொடுப்பது ஞாயிற்றுக்கிழமை மாலையின் ஒரு மணி நேரம். தேங்காய் துருவி ஃப்ரீசரில், இஞ்சி பூண்டு விழுது டப்பாவில், வெங்காயம் தக்காளித் தொக்கு ஒரு பாட்டிலில், மசாலா தடவிய மீனோ கோழியோ உறைநிலையில். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அந்தத் தொக்கில் நாலு முட்டையை உடைத்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. பிள்ளைகள் அதையே தோசைக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அரிசியை விலக்கச் சொல்லும் எந்த அறிவுரையும் இலவசமாகக் கிடைப்பதை விட்டு விலை கொடுத்து வாங்கு என்று சொல்வதாகிறது. பேலியோ சார்ட்டுகளில் பிரபலமான ‘நாளுக்கு 100 பாதாம்’ சுமார் 120 கிராம், மாதத்துக்கு 3.6 கிலோ. கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும் 2,880 ரூபாய். நாலு முட்டையிலும் ஏறக்குறைய அதே அளவு புரதம் கிடைக்கிறது. முட்டை ஆறு ரூபாய் என்று கொண்டால் மாதம் 720 ரூபாய். பள்ளிச் சத்துணவில் முட்டை போடும் மாநிலத்தில், முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லை வைத்துக்கொண்டு, பேலியோ என்றால் பாதாம் என்று ஆக்கியது அதைப் பணக்காரர் விரதமாக்கிவிட்டது. மத்தி மீனும் கருவாடும் ஆட்டு ரத்தப் பொரியலும் முருங்கைக்கீரையும் எளிய வீடுகளுக்குப் பழகிய சமையல். டயட் சார்ட்டுகள் அவற்றுக்கு இன்னும் அதிக இடம் கொடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ‘தனியா’ அவசியம்: மருத்துவரோடு பேசுவது. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாதத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவர் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு. ரத்தப் பரிசோதனை முதலில், வாணலி பிறகு.

பந்தி என்று வந்தால் பேலியோக்காரர் படும் பாடு தனிக்கதை. கல்யாண வீட்டில் சாதத்தைத் தாண்டிப் போங்கள் என்று கை காட்டினால், பரிமாறுகிறவர் கோபித்துக்கொள்வார், பக்கத்து இலைக்காரர் “சுகரா?” என்று இரங்குவார். மதுரைப் பக்கம் கிடா வெட்டில் அந்தச் சங்கடமே இல்லை. அங்கே சோற்றைக் குறைத்துக் கறியை அதிகம் போட்டுக்கொண்டவர் மேல் பொறாமைதான் வரும். அலுவலகத்தில் மதியம் டப்பா திறக்கும்போதும் இதே கதை. பாதாமைத் தனியாகக் கொறிப்பவரிடம் யாரும் கை நீட்டுவதில்லை. சுக்கா கொண்டுவந்தவரின் டப்பாவில் அவருக்கே மிஞ்சுவது கஷ்டம். பதிலுக்கு எதிர் மேசையிலிருந்து கீரையும் மீன் வறுவலும் வந்து சேரும்.

ஒரு ஞாயிறு மதியம் இப்படிப் போகலாம். குழம்புச் சட்டி நடுவில். ஒரு பக்கம் குக்கர் சாதம், இன்னொரு பக்கம் துருவிய காலிஃபிளவர், துருவியவர் விரல் நுனியில் சின்னக் கீறல். பாட்டி தன் சாதத்தில் குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி மகன் தட்டை எட்டிப் பார்க்கிறாள். “என்னடா இது, உப்புமா மாதிரி இருக்கு? எனக்கும் ஒரு வாய் வை.”