பேரை ரிஜிஸ்டர்ல ஏத்துங்க பாஸ்!

லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்டல் மெஸ் பில்னு எந்த புராஜெக்ட்டை எடுத்தாலும் பின்னாடி ஒரு டேட்டாபேஸ் இருக்கும். பி.எச்.பி.யில் செய்றவங்க, அதுலயே இருக்கிற மைஎஸ்கியூஎல்ஐ கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணி சொந்தமா ஒரு கிளாஸ் எழுதுவீங்க. நல்ல பழக்கம்தான். ஆனா, அதுல நீங்க சேர்க்கிற ப்ராப்பர்ட்டிகளை முதல்லயே டிக்ளேர் பண்றீங்களா?

'அது எதுக்கு? எழுதாமலே ஓடுதே'ங்கறீங்களா? அங்கதான் வில்லங்கம்!

அட்டெண்டன்ஸ் எடுக்கிறவர் 'கார்த்திக்'கை 'கார்த்தி'ன்னு படிச்சு, அப்படி ஒரு பேரே இல்லாததால ரிஜிஸ்டரின் கடைசியில் புதுசா எழுதி 'பிரசன்ட்' போட்டுட்டார்னு வைங்க. கார்த்திக் தினமும் வந்தும் ஆப்சென்ட்! பி.எச்.பி.யும் இதே வேலையைத்தான் செய்யும்.

உங்க கிளாஸ்ல 'டெஸ்ட்மோட்'னு ஒரு ப்ராப்பர்ட்டி. அது ஆன்ல இருந்தா டெலிட் கொயரி நிஜமா ஓடாது. அவசரத்துல ஓர் எழுத்தை விட்டு 'டெஸ்மோட்'டை ஆன் பண்றீங்க. அந்தப் பேர்ல புதுசா ஒண்ணு முளைக்கும். நிஜ 'டெஸ்ட்மோட்' ஆஃப்லயே இருக்கும். டெலிட் ஓடி, டேபிள் காலி!

2022 டிசம்பர்ல வந்த பி.எச்.பி. 8.2, இப்படிப் புதுசா முளைக்கிறதைப் பார்த்து 'டெப்ரிகேட்டட்'னு எச்சரிக்கும். எச்சரிக்கை மட்டும்தான், புரோகிராம் நிக்காது. 9-ல் இதை எர்ரராவே மாத்தறதா திட்டம். நீங்க எதையுமே டிக்ளேர் பண்ணலைன்னா ஸ்கிரீன் முழுக்க இதே எச்சரிக்கையா கொட்டும்; நிஜத் தப்பு கூட்டத்துல காணாமப் போயிடும். எல்லாத்தையும் டிக்ளேர் பண்ணிட்டா, அப்புறம் வர்ற ஒரே ஒரு எச்சரிக்கை கண்டிப்பா எழுத்துப்பிழைதான்!

செய்ய வேண்டியவை இவைதான்:

* கிளாஸின் தலையிலேயே எல்லா ப்ராப்பர்ட்டியையும் எழுதுங்க. 7.4-லிருந்து ஸ்ட்ரிங்கா, பூலியனான்னு டைப்பும் சொல்லலாம்.

* அவற்றை பிரைவேட்டா வெச்சு, மாத்தறதுக்கு ஒரு மெத்தட் கொடுங்க. மெத்தட் பேரைத் தப்பா எழுதினா பி.எச்.பி. அங்கேயே நின்னுடும். டேபிள் தப்பிச்சுது!

* 'எர்ரர்', 'இன்செர்ட் ஐடி' போன்ற பேர்கள் தாய் கிளாஸ்லயே இருக்கு. அதையே திரும்ப வைக்காதீங்க.

* உங்க கன்ஸ்ட்ரக்டருக்குள்ள தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரையும் கூப்பிடுங்க. அது தானா ஓடாது. கூப்பிடலைன்னா கனெக்‌ஷனே கிடைக்காது.

கிளாஸ் மேல 'அலவ் டைனமிக் ப்ராப்பர்ட்டீஸ்'னு ஒரு வரி போட்டு எச்சரிக்கையின் வாயை அடைக்கவும் வழி இருக்கு. பழைய கோடுக்கு அது தற்காலிக மருந்து. புதுசா எழுதற நமக்கு எதுக்குங்க அது?

இன்னிக்கு ராத்திரியே உங்க கிளாஸைத் திறந்து, பேர் விட்டுப்போன ப்ராப்பர்ட்டிகளை எண்ணிப் பாருங்க. டெமோ அன்னிக்கு எக்ஸ்டர்னல் எண்றதைவிட அது நல்லது. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!