தபால்துறை எழுதிய முடிவுகள்

போன மாதம் ஒரு வாசகர் கூடுகையில், பிடித்த காதல் நாவல்கள் ஐந்தை ஆளாளுக்குச் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. நான் சொன்ன ஐந்திலும் காதலிப்பவர்கள் இரண்டு ஆண்கள், அல்லது இரண்டு பெண்கள். ஒரு நொடி அமைதி. பிறகு மூத்த வாசகர் ஒருவர், நல்ல மனிதர், நிறையப் படித்தவர், பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, இந்த வகையில ஜேம்ஸ் பால்ட்வினோட 'ஜியோவானியின் அறை' இருக்கு. அது இலக்கியம். நீங்க சொன்னதெல்லாம் கடைசியில கட்டிப்பிடிச்சுக்கிட்டு சுபம் போடுற கதை. குடும்ப நாவல்தான், ஆள் மட்டும் மாறியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் எப்போதுமே ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வரும். அன்றைக்கு மெட்ரோவில் பாதி வழி வந்தபிறகு வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபம்தான்.

அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டும் இல்லை. காதலர்கள் செத்தால் இலக்கியம், சேர்ந்து வாழ்ந்தால் பொழுதுபோக்கு என்று ஓர் அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. எல்லாக் காதல் கதைகளையும் அதை வைத்துத்தான் அளக்கிறோம். ஆனால் தன்பாலீர்ப்புக் காதலின் விஷயத்தில் அந்த அளவுகோலைச் செய்து கொடுத்தது யார் என்று தேடினால், விடை எந்த விமர்சகரிடமும் போய் நிற்காது. தபால் நிலையத்தில் போய் நிற்கும்.

1952இல் அமெரிக்காவில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்று ஒரு மலிவுப் பதிப்பு நாவல் வந்தது. கல்லூரி மாணவிகள் இருவரின் காதல். எழுதியவர் மேரிஜேன் மீக்கர், வின் பாக்கர் என்ற புனைபெயரில். பதிப்பாசிரியர் முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டார்: கதை மகிழ்ச்சியாக முடியக் கூடாது. ஏனென்றால் புத்தகங்கள் தபாலில் போகின்றன. இப்படிப்பட்ட உறவை நல்லதாகக் காட்டுவதாகத் தபால் ஆய்வாளர்களுக்குத் தோன்றினால், மொத்தச் சரக்கையும் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஆகவே கடைசியில் ஒருத்திக்குப் பைத்தியம் பிடிக்கிறது. இன்னொருத்தி, தான் அவளைக் காதலித்ததே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மீக்கருக்கோ அந்த முடிவு பின்னாளில் கூச்சமாகிவிட்டது. மறுபதிப்புக்கு வெகுகாலம் சம்மதிக்கவில்லை.

எங்கள் தொழிலில் இதை நன்றாகவே அறிவோம். எப்போதோ ஒரு கிளையன்ட் பயந்துபோய்க் கேட்டார் என்பதற்காக நாலு வரி கோடு எழுதியிருப்பார்கள். கிளையன்ட் போய்விடுவார், பயமும் போய்விடும், கோடு மட்டும் இருக்கும். பத்து வருஷம் கழித்து வரும் பையன் அதைப் பார்த்து, 'பெரியவங்க ஏதோ காரணமாத்தான் எழுதியிருப்பாங்க' என்று தொடாமல் நகர்ந்துவிடுவான். கூடுகையில் எனக்கு அறிவுரை சொன்ன பெரியவர் அந்தக் கோடைத்தான் அழகியல் என்று நம்புகிறார்.

அதே 1952இல் பாட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மோர்கன் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 'தி ப்ரைஸ் ஆஃப் சால்ட்' வெளியிட்டார். நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் பொம்மைப் பகுதியில் வேலை செய்யும் தெரீஸ், பொம்மை வாங்க வரும் கரோல் என்ற மணமான பெண்ணைப் பார்க்கிறாள். பின்தொடரத் துப்பறிவாளன் வருகிறான், கரோல் தன் மகளையே இழக்க நேர்கிறது. விலை கொடுக்காத காதல் இல்லை அது. ஆனால் கடைசிப் பக்கத்தில் தெரீஸ் கரோலை நோக்கி நடக்கிறாள். அவ்வளவுதான். அந்தச் சில அடிகளுக்காக வாசகர்கள் ஹைஸ்மித்துக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்தக் காலத்து அமெரிக்க நாவல்களில் இப்படிப்பட்டவர்கள் மணிக்கட்டை அறுத்துக்கொள்ள வேண்டும், நீரில் மூழ்க வேண்டும், அல்லது மனம் மாற வேண்டும் என்பதுதான் வழக்கம் என்று அவரே பின்னாளில் பின்னுரையில் எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி இ.எம். ஃபார்ஸ்டர். 'மாரிஸ்' நாவலை அவர் 1913-14இல் எழுதிவிட்டார். அது வெளிவந்தது 1971இல், அவர் இறந்த மறு வருடம். ஐம்பத்தேழு வருடம் ஒரு கையெழுத்துப் பிரதி மேசைக்குள் கிடந்திருக்கிறது. ஏன்? அதற்கும் முடிவுதான் காரணம். 1960இல் எழுதிய பின்குறிப்பில் அவர் வெளிப்படையாகவே சொல்கிறார்: கடைசியில் ஒரு பையன் தூக்கில் தொங்கியிருந்தால் சிக்கலே இல்லை. தண்டனை இல்லாமல் இருவரும் தப்பிப் போகிறார்களே, அது குற்றத்துக்கு விளம்பரம் ஆகிவிடுகிறதே. மகிழ்ச்சியான முடிவு இல்லையென்றால் இதை எழுதியே இருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். கைப்பிரதியைப் படித்த நண்பர் லிட்டன் ஸ்ட்ராச்சிக்குக்கூட நம்பிக்கை வரவில்லை. இந்த உறவு ரொம்ப நாள் நிற்காது என்றார். ஃபார்ஸ்டர் அசையவில்லை.

இந்த நாவல் ஏன் கையை விட்டு இறங்க மறுக்கிறது? மாரிஸ் ஹால் அசாதாரணமானவன் இல்லை. பங்குச் சந்தைத் தரகன், கொஞ்சம் மந்தம், நிறைய வர்க்கத் திமிர். கேம்பிரிட்ஜில் கிளைவ் அவனைக் காதலிக்கிறான்; கிரேக்கத் தத்துவம் பேசும் காதல். பிறகு கிளைவ் மனம் மாறிக் கல்யாணம் செய்துகொள்கிறான். மாரிஸ் மருத்துவரிடம் போகிறான், அவர் உளறாதே என்கிறார். மனவசியம் செய்பவரிடம் போகிறான், அவர் கடைசியில் இதைக் குற்றமாகக் கருதாத நாட்டுக்குப் போய்விடச் சொல்கிறார். இந்த நிலையில், கிளைவின் பண்ணை வீட்டில் ஓர் இரவு, வேட்டைக்காட்டுக் காவலாளி அலெக் ஸ்கடர் ஏணி வைத்து மாரிஸின் சன்னல் வழியே ஏறி வருகிறான்.

நமக்கு இது புதிதா என்ன? இரவுக்குறி. ஊர் உறங்கியபின் வருகிறவன், நாய் குரைக்குமோ என்ற அச்சம், விடிந்தால் அலர். களவு ஒழுக்கத்துக்கு இலக்கணம் வகுத்த மொழியைப் பேசுகிறவர்களுக்கு இந்த நாவல்களின் விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. இன்றைய ஆண்-பெண் காதல் கதையில் தடை வைக்க எழுத்தாளர் திண்டாடுகிறார். போனை எடுக்காமல் விட்டது, தவறாகப் புரிந்துகொண்டது என்று எதையாவது ஒட்டவைக்கிறார். இங்கே தடை கதவைத் திறந்ததுமே நிற்கிறது. அவனும் அப்படித்தானா என்பதே முதல் கேள்வி. தவறாகக் கேட்டால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம். அதனால் ஒரு பார்வை, ஒரு தாமதம், கையை எடுக்காமல் விட்ட இரண்டு நொடி எல்லாமே சம்பவம் ஆகிவிடுகின்றன. வாசகனும் காதலனோடு சேர்ந்து குறிப்பறியப் பழகுகிறான்.

இன்னொன்றும் உண்டு. யார் முதலில் சொல்வது, யார் காத்திருப்பது என்று இவர்களுக்கு எந்த மாமூலும் இல்லை. எல்லாவற்றையும் தாங்களே பேசித் தீர்க்க வேண்டும். அலெக்கும் மாரிஸும் பிரிட்டிஷ் மியூசியத்தில் சந்திக்கும் காட்சியைப் பாருங்கள். அலெக் மிரட்ட வந்திருக்கிறான். மாரிஸ் அவனை வேலைக்காரனாகத்தான் பார்க்கிறான். நடுவில் மாரிஸின் பழைய பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து பெயர் கேட்கிறார். மாரிஸ் தன் பெயர் ஸ்கடர் என்கிறான். எதிரியாக நிற்பவனின் பெயரை, தனக்குக் கீழே என்று நினைத்தவனின் பெயரை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். நான் படித்த காதல் அறிவிப்புகளில் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை. காதல் என்ற சொல்லே அதில் வரவில்லை.

சரி, பெரியவர் சொன்ன 'ஜியோவானியின் அறை'க்கு வருவோம். 1956இல் வந்தது. மகத்தான நாவல், மறுபேச்சில்லை. ஜியோவானியின் தலை கில்லட்டினில் விழப்போகிறது. ஆனால் பால்ட்வின் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்? காதலித்தவனையா? காதலிக்கப் பயந்து ஓடிய டேவிட்டை. இப்படிக் காதலித்தால் இப்படித்தான் ஆகும் என்று அந்த நாவலைப் படிப்பது பால்ட்வினைத் தலைகீழாகப் படிப்பது. மேட்லின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' நாவலிலும் இருவரும் சாகிறார்கள். ட்ராய் போரில், போர் கொல்லும். காதல் கொல்வதில்லை. சாவைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. சாவைத் தண்டனையாகக் கொடுப்பதுதான் உறுத்துகிறது.

அந்த உறுத்தலுக்குக் காரணம் சொல்கிறேன். பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதி. ஹார்ட் டிஸ்கில் கைமாறி வந்த 'ப்ரோக்பேக் மௌண்டன்' பார்த்தேன், ஹெட்போன் போட்டு, போர்வைக்குள். ஒருவன் சாகிறான். பிறகு நூலகத்தில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' கிடைத்தது. 1978இல் தமிழில் இவ்வளவு துணிவாக எழுதியிருக்கிறாரே என்று இன்று வியக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கணேசனுக்குத் தொழுநோய் வருகிறது. பத்தொன்பது வயதில் நான் அவற்றை இலக்கியமாகப் படிக்கவில்லை, ஜாதகமாகப் படித்தேன். அந்த வருடம் சில இரவுகள் விடுதியின் மொட்டை மாடிக்குத் தனியாகப் போயிருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை. வேலைக்கு வந்தபின் பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'மாரிஸ்' கிடைத்தது. கடைசி அத்தியாயங்களைக் கடையிலேயே நின்றுகொண்டு முதலில் படித்தேன். யாரும் சாகவில்லை. அதன்பிறகுதான் காசு கொடுத்தேன்.

இந்த வகையில் குப்பையே இல்லை என்று வாதாட மாட்டேன். நிறைய இருக்கிறது. கேஸி மக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ'வில் அமெரிக்க அதிபரின் மகனும் பிரிட்டிஷ் இளவரசனும் காதலிக்கிறார்கள். வாடகை கட்டத் தேவையில்லாதவர்களின் காதல் என்று நானே முணுமுணுத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் முடித்தேன். ராச்சல் ரீட் எழுதிய 'ஹீட்டட் ரைவல்ரி'யில் எதிரெதிர் அணியில் ஆடும் இரண்டு ஐஸ் ஹாக்கி வீரர்கள், வருடக்கணக்கில் ரகசியம். அதில் சிலாகிக்க ஒன்றுண்டு: அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆட்டமும் போட்டியும் காயமும் காதலுக்குச் சமமாக எடை போடுகின்றன. என் சோதனை இதுதான். காதலிக்காத நேரத்தில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாவலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'மாரிஸ்' இதில் தேறும். அழகான உடல்களை மட்டும் அடுக்கும் நூறு நாவல்கள் தேறாது.

ஆனால் பெரியவரே, தேறாததற்குக் காரணம் அவற்றின் சுபம் அல்ல. சுபமாக முடிப்பதில் கஷ்டம் அதிகம். சாகடிக்க ஒரு பத்தி போதும். இரண்டு பேரைச் சேர்ந்து வாழவைக்க வேண்டுமானால் எங்கே, எப்படி, யாருக்குத் தெரிந்து, யாருக்குத் தெரியாமல் என்று ஒரு நாவல் முழுக்கக் கணக்குச் சொல்ல வேண்டும். ஃபார்ஸ்டரே அதில் தடுமாறி இருவரையும் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்.

எங்களுக்குக் காடு வசதிப்படவில்லை. வேளச்சேரியில் இரண்டாவது மாடி. வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் ஹவுஸ் ஓனர் கேட்பார்: "ஃபேமிலியா, பேச்சலர்ஸா?" 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எங்களைக் குற்றவாளிகள் இல்லை என்று சொன்னது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் சொல்லவில்லை. எட்டு வருடமாக "பேச்சலர்ஸ்" என்றுதான் சொல்லிவருகிறோம். மூன்று வீடு மாறியாகிவிட்டது. ஒரு வாஷிங் மெஷினுக்கு இ.எம்.ஐ. கட்டி முடித்தாயிற்று.

இதை யாராவது எழுதினால் நாவல்தான். முடிவு சுபம். அதை இலக்கியம் இல்லை என்று சொல்ல, தபால்துறையைத் தவிர வேறு காரணம் இருந்தால் அடுத்த கூடுகையில் சொல்லுங்கள். நானும் வருவேன். இந்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.