வாசிக்கத் திணறும் வளரிளம் மாணவர்கள்: செயற்குழுவின் நிலைப்பாடு

எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேக்கிவைப்பதில்லை என்று 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை உறுதிசெய்தது. அதே கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் அடிப்படைக் கற்றலில் பின்தங்கிய மாணவர்களுக்காகத் ‘திறன்’ இயக்கமும் வந்தது. இவற்றையொட்டி எழுந்த விவாதங்களை உறுப்பினர்கள் அறிவார்கள். நம் ஆசிரியர் சங்கச் செயற்குழுவின் நிலைப்பாடு வருமாறு:

மாணவர்களைத் தேக்கிவைப்பது குறித்துக் குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. இன்றைய நடைமுறையை இப்போதைக்கு எதிர்க்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. ‘திறன்’ இயக்கத்தின் நோக்கத்தைப் பொதுவாக வரவேற்கிறோம்.

ஆனால், கற்பிப்பது யார்? தமிழாசிரியர் என்றால் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் சொல்லித்தந்துவிடுவார் என்று மேலிடத்தில் முடிவுகட்டிவிட்டார்கள். பட்டதாரித் தமிழாசிரியர் படித்துவந்தது இலக்கணமும் இலக்கியமும். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியும் போதாது. ஒருவன் கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதுவான். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிவான். ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பைப் பார்த்து ‘கெ’ என்று தொடங்குவான். துணைக்கால் வந்ததும் நின்றுவிடுவான். இன்னொருத்தி எழுத்தெல்லாம் அறிவாள். வரியை முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளை நீட்டி என்ன பயன்? மீசை அரும்பும் பையனிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் பள்ளிக்கே வரமாட்டான். இத்தனை நுட்பமான வேலையை, விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கி, ‘கூடுதல் பொறுப்பு’ என்று தலையில் கட்டி, மாலைக்குள் எமிஸ் (EMIS) இணையதளத்தில் பதிவேற்றச் சொல்வதற்குப் பெயர் கல்விச் சீர்திருத்தமா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு சரிந்தால் விளக்கம் கேட்க மட்டும் அதிகாரிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

எனவே கோருகிறோம்:

1. வாசிப்புச் சிறப்பாசிரியர் என்ற பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். முதற்கட்டமாக, நிதிநிலைக்கு உட்பட்டு, வட்டார வள மையத்துக்கு ஒருவராவது தேவை.

2. இப்பணிக்கு விருப்பமுள்ள இடைநிலை, பட்டதாரி ஆசிரியர்களுக்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வழியாக, சம்பளத்துடன் ஓராண்டுப் பட்டயப் பயிற்சி தரலாம். அதில் ஒரு பகுதி மாணவர்களுடன் நேரடியாக அமர்ந்து கற்பிப்பதாக இருக்க வேண்டும்.

3. வாசிப்புச் சிறப்பாசிரியர்களுக்குப் பாடவேளைச் சுமையோ பதிவேற்றப் பணியோ கூடாது.

4. வயதுக்கேற்ற கதையும் செய்தியும் எளிய நடையில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும்.

5. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ளது. அத்தகைய மாணவர்களைக் கண்டறிய உரிய ஏற்பாடு தேவை.

ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தன்னார்வலர்கள் ஆற்றிய பணியை மதிக்கிறோம். அது சிறப்பாசிரியர் பணியிடத்துக்கு மாற்றாகாது.

மாணவர்களை நாங்கள் கைவிடப் போவதில்லை. இருக்கும் வகுப்புகள் தொடரும். ஆனால் பயிற்சியும் தராமல், ஆளும் தராமல், முடிவை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள்.